கோவேறு கழுதை ஊருக்குப் போறீகளாக்கும் (செப்டம்பர் 2025)

ஏலே பேராண்டி, டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு போல. டாலஸ்ல ஏறி நூவார்க்குல எறங்கி, வாடகைக் காரைப் பிடிச்சு ஹட்சன் ஆத்துப் பக்கமா வடக்க போகணும். நியூயார்க்குல இருந்து ஒரு 50 மைல்தான் ராணுவக் காலேஜு இருக்கிற வெஸ்ட் பாயிண்ட். இந்த வெவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. நீயும் உன் பச்சைச் சட்டைப் பட்டாளமும் ராத்திரி ஹால்ல உக்காந்து பேசுனதை, தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு ஒண்ணு விடாம கேட்டேன். காது மந்தம்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. மருந்து குடிக்கக் கூப்பிடும்போது மட்டும்தான் அது மந்தம்.

என்னா பேச்சுடா அது! போன சனிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால்ல வாஷிங்டன் ஸ்டேட்டை 59-10னு சாத்துனதுல தரையில கால் பாவலை உங்களுக்கு. மூணு ஆட்டம், மூணும் ஜெயம். உங்க காலேஜு நார்த் டெக்சாஸை இனி எவன் தடுக்கிறதுன்னு அந்த ஒசரமான வெள்ளைக்காரப் பையன் சோபா மேல ஏறி நின்னு கேக்குறான். சோபாவுக்கு இன்னும் தவணை கட்டி முடியலை, அதை அவன்கிட்டச் சொல்லி வை. வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு முந்தின ஆட்டத்துல வெஸ்டர்ன் மிச்சிகன்கிட்ட ஓவர்டைம் வரைக்கும் இழுபட்டு, 33-30னு மூணே பாயிண்ட்டுல மூச்சு வாங்குனீகளே, அந்தக் கதையை ராத்திரி ஒருத்தனும் எடுக்கலை. மறந்துபோச்சா, இல்ல மறதி வந்த மாதிரி நடிப்பா?

அடுத்தாப்ல டார்ல்டன் கதையை எடுத்தீக. ஆமா, நடந்ததுதான். நம்ம டெக்சாஸ்லயே ஸ்டீபன்வில்னு ஒரு ஊரு, அங்க இருக்கிற டார்ல்டன் ஸ்டேட் ஒரு படி கீழ ஆடுற காலேஜு. அது வெஸ்ட் பாயிண்ட்டுக்கே போயி, ரெண்டாவது ஓவர்டைம்ல 30-27னு ராணுவக்காரனைக் கவுத்துட்டு வந்துச்சு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீக. அதுக்கடுத்த வாரம் அதே ராணுவம் கான்சாஸ் ஸ்டேட் வாசல்லயே போயி 24-21னு ஜெயிச்சதை மட்டும் மெதுவா முழுங்கிட்டீக. நீங்க போற நேரமும் சரியில்லை. அவுக சொந்தத் தரையில தோத்துட்டுக் காத்துக் கெடக்காக, நீங்க பொட்டலம் கட்டிக்கிட்டுப் போறீக.

போன வருஷம் நவம்பர் ஞாபகம் இருக்கா? டென்டன்ல, உங்க சொந்த ஸ்டேடியத்துல, அதே ராணுவத்துகிட்ட 14-3னு தோத்தீக. நீங்க அங்க பச்சைச் சாயம் பூசிக்கிட்டுக் கத்துனீக, நான் இங்க டிவி முன்னால. மழை மாதிரி பாயிண்ட் கொட்டுற டீம்னு பேரு வாங்குன உங்க ஆளுக மொத்த ஆட்டத்துலயும் எடுத்தது மூணு. ஏன்? பந்தைத் தொட்டாத்தானே! ராணுவக்காரன் தன் எல்லையோரத்துல இருந்து ஒரே மூச்சுல 94 கெஜம் ஓட்டுனான். அதுக்கு 21 முயற்சி, கிட்டத்தட்ட 14 நிமிஷம். ஒரு குவார்ட்டரே 15 நிமிஷம்தான். நான் எந்திரிச்சு காப்பி போட்டு, குடிச்சு, டம்ளரைக் கழுவி வச்சுட்டு வந்தேன். பந்து இன்னும் அவன் கையிலதான் இருந்துச்சு. பந்தை எறியிற உங்க குவார்ட்டர்பேக் ஓரமா துண்டைப் போத்திக்கிட்டு, விருந்து வீட்டுல எலைக்குக் காத்திருக்கிறவன் கணக்கா நின்னான்.

அவன் ஆட்டத்தோட சூட்சுமம் அதுதான். நாலு வாய்ப்புல பத்து கெஜம் போகணும்ங்கிறது சட்டம். மத்தவனெல்லாம் ஒரே எறியில அம்பது கெஜம்னு கனாக் காணுவான். இவன் மூணரை கெஜம் கேப்பான். மறுபடி மூணரை. மறுபடி மூணரை. மூணு மூணரை பத்தரை, கணக்குச் சரியாப் போச்சு. அரை கெஜம் கொறைஞ்சாலும் கவலையில்லை. மத்த டீம் நாலாவது வாய்ப்புல பந்தை ஒதைச்சுக் குடுத்துட்டுப் போகும், இவன் அதுலயும் மோதிப் பார்ப்பான். டீமுக்கு ஜெஃப் மங்கன்னு ஒரு கோச்சு, 2014ல இருந்து அங்கதான் இருக்காரு. அவருக்கு அவசரம்னா என்னன்னே தெரியாது.

அவன் ஆடுற இந்த ஆப்ஷன் ஆட்டத்தை எங்கூரு மாட்டுத்தாவணியில பழகுனவனுக்கு வெளக்கவே வேண்டாம். தரகன் ரெண்டு பேரும் துண்டுக்கு அடியில கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுவாக. சுத்தி நூறு பேரு நின்னாலும் எம்புட்டுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. மாடு கைமாறி, கயித்தை அவுத்த பொறவுதான் விலை வெளிய வரும். இங்கயும் அப்படித்தான். குவார்ட்டர்பேக் பந்தை, பின்னால நிக்கிற ஃபுல்பேக் வயித்துல வைக்கிறான். குடுத்தானா? உருவிட்டானா? உருவிட்டா தானே ஓடுறானா? இல்ல, பக்கவாட்டுல ஓடி வாரவனுக்குத் தட்டி விட்டானா? இதுல பெரிய குசும்பு என்னன்னா, உங்க ஆள் ஒருத்தனை வேணும்னே தடுக்காம விட்டுருவான். அவனும் ‘ஆகா, வழி தெறந்துருச்சு’ன்னு பாய்வான். அவன் எந்தப் பக்கம் பாயுறானோ, பந்து அதுக்கு மறுபக்கம் போயிரும். பாவம், அவன் ஒழுங்கா வேலை பார்த்ததுதான் அவன் செஞ்ச தப்பு.

இதை ஒரே வாரத்துல பழகி வாரதும் லேசு இல்லை. வருஷம் பூரா பந்தை எறியிற டீமுகளைப் பார்த்து ஆடிட்டு, திடீர்னு இப்படி ஒருத்தன் வந்தா டிஃபென்ஸுக்குப் புதுசாத்தான் இருக்கும். நான் சொன்னா நம்ப மாட்டே, பக்கத்து ஒக்லஹாமாக்காரனைக் கேளு. 2018ல நம்ம ஆலன் ஊருப் பையன் கைலர் மரே அங்க குவார்ட்டர்பேக். அந்த வருஷம் சிறந்த காலேஜு ஆட்டக்காரனுக்குக் குடுக்கிற ஹைஸ்மன் கோப்பையே அவனுக்குத்தான். அப்பேர்ப்பட்டவன் இருக்கும்போதே ராணுவக்காரன் 44 நிமிஷத்துக்கு மேல பந்தைத் தன் மடியிலேயே வச்சிருந்து, ஒக்லஹாமாவை ஓவர்டைம் வரைக்கும் இழுத்துட்டுப் போனான். 28-21னு தப்பிச்சாக. அத்தனை பேரையும் ஓரத்துல உக்கார வச்சது மூணரை கெஜம்தான்.

உங்க ட்ரூ மெஸ்டமேக்கரை நான் கொறை சொல்ல மாட்டேன். ஹைஸ்கூல்ல ஒம்பதாம் வகுப்புக்கு அப்புறம் குவார்ட்டர்பேக்கா முதல்ல எறங்குனதே இல்லையாமே. அப்படியாப்பட்டவன் காலேஜுக்கு உதவித்தொகை இல்லாமத் தானா வந்து சேந்து, இப்ப எல்லாரும் பேசுற ஆளாயிட்டான். நல்ல கை. ஆனா அந்தக் கைக்குப் பந்து வரணுமே! வந்தா, முதல் ரெண்டு தடவையிலேயே பாயிண்ட்டாக்கச் சொல்லு. ராணுவக்காரனைப் பின்னால தள்ளுனாத்தான் அவனும் அவசரப்பட்டு எறியப் பார்ப்பான். அவன் முன்னால போயிட்டா, கடியாரத்தை அவன் வீட்டுச் செவுத்துல மாட்டிக்கிடுவான். இதை உங்க கோச்சு எரிக் மாரிஸுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லைதான். அவரு எங்கிட்டக் கேக்கவும் இல்லை.

இனி உன் வாய் வெவகாரம்.

நீ ஆட்டம் பார்க்கப் போறதே பாதி வையத்தான். எனக்குத் தெரியாதா? எதுத்த டீமைப் பேர் சொல்லித் திட்டலைன்னா உனக்கு நாச்சோஸ் செரிக்காது. இங்க யாரைத் திட்டுவே? மத்தக் காலேஜுல நட்சத்திர ஆட்டக்காரன்னா விளம்பரத்துல வந்து காசு பார்க்கிறான், புது கார் எடுக்கிறான், மறு வருஷம் அதைவிட அதிகமாக் குடுக்கிற காலேஜுக்குத் தாவுறான். வெஸ்ட் பாயிண்ட் பையனுக்கு அந்த விளம்பரக் காசு கெடையாது. வேற எங்க ரெண்டு வருஷம் படிச்சிருந்தாலும் அங்க முதல் வருஷத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். படிப்புச் செலவை அரசாங்கம் பாத்துக்கிடும், பதிலுக்கு அஞ்சு வருஷம் பட்டாளத்துல நிக்கணும். ‘சம்பளத்துக்கு ஆடுறவனே’ன்னு கத்துனா ஒட்டாது. ‘படிக்காதவனே’ன்னாலும் ஒட்டாது. ‘கோழை’ன்னு கத்திப் பாரேன், பக்கத்து சீட்டுல மெடல் மாட்டுன தாத்தா ஒருத்தரு மெதுவாத் திரும்பிப் பார்ப்பாரு. அந்த ஒரு பார்வை போதும் உனக்கு.

டெக்சாஸ்காரன்னு மீசையை முறுக்கவும் வழியில்லை. போன வருஷம் உங்களை ஓட ஓட அடிச்ச குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி எந்த ஊருன்னு நெனைக்கே? லபக்குக்குப் பக்கத்துல அபர்நத்தி. நம்ம கரிசக்காட்டு மாதிரி பருத்தி வெளையுற சீமை. அந்த ஒரே வருஷத்துல 32 டச்டவுன் தானே ஓடி எடுத்தான், உங்க கான்ஃபரன்ஸ் லீக்குக்குள்ள நொழைஞ்ச முதல் வருஷமே ராணுவம் கோப்பையைத் தூக்குச்சு. அவன் படிச்சு முடிச்சுப் போயிட்டான்னு நீங்க சந்தோசப்படுறதையும் ராத்திரி கேட்டேன். போனது ஒருத்தன்தான்லே. மூணரை கெஜம் அங்கயேதான் இருக்கு.

அங்க ஸ்டேடியத்துக்கு மிச்சின்னு பேரு. அந்தப் பேரைப் பத்தி ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கிட்டுப் போ. டென்னிஸ் மிச்சின்னு ஒரு கேடட்தான் 1890ல அங்க முதல் ஃபுட்பால் டீமைக் கூட்டுனான். கேடட்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஆட்டமே தெரியாது. நேவிக்காரன்கிட்ட 24-0னு ஒதை வாங்குனாக. எட்டு வருஷம் கழிச்சு, 1898ல, கியூபா சண்டையில மிச்சி செத்துப்போனான். 1924ல கட்டுன ஸ்டேடியத்துக்கு அவன் பேரை வச்சாக. உங்க ஸ்டேடியத்துக்கு என்ன பேரு? டாட்கு. அதாவது வாத்தியாருங்க ஆரம்பிச்ச கடன் சங்கம். தப்புன்னு சொல்லலை, எங்கூருலயும் கூட்டுறவு சொசைட்டி இல்லாம உரம் வாங்க முடியாது. ஆனா அங்க போயி ‘எங்க ஸ்டேடியம் பேரு தெரியுமா’ன்னு மட்டும் ஆரம்பிக்காதே.

வாசல்ல அடையாளம் கேப்பாக. அது பட்டாளம் குடியிருக்கிற எடம், ஆட்டத்துக்காக உங்களை உள்ள விடுறாக, அம்புட்டுத்தான். நம்ம ஒசரமான பையன்கிட்டக் குறிப்பாச் சொல்லு, டெக்சாஸ்ல இடுப்புல சொருகிட்டு அலையிற சாமானை வீட்டுலயே பூட்டிட்டு வரணும். அங்க உள்ளவுக எல்லாருக்கும் துப்பாக்கி புடிக்கத் தெரியும், இவன் ஒருத்தன் காட்டித் தர வேண்டாம். பையும் கண்ணாடி மாதிரி உள்ள இருக்கிறது வெளிய தெரியுற பையா இருக்கணும். மலைச்சரிவு, மேடு ஏறணும். டென்டன் தரையில நடந்து பழகுன காலு, பாதியில உக்காந்துறாதீக. சில பேரு படகுலயே ஆத்து வழியா ஆட்டத்துக்கு வருவாங்களாம். அந்தக் காசு உங்கப்பன்கிட்ட இல்லை.

வெள்ளனாப் போயிட்டா கேடட் பரேடு பார்க்கலாம். தப்பாம வரிசை போகும் பாரு, நீ ஒரு ஜோடி செருப்பை வாசல்ல நேரா விட்டதில்லை. ஆட்டப் பந்தையே பாராசூட்டுல கொண்டாந்து எறங்குவாக. பாயிண்ட் எடுத்ததும் பீரங்கி வெடிக்கும். பயந்து குதிச்சுக் கோக்கை மடியில கொட்டிக்கிடாதே, ‘இது தெரிஞ்சதுதானே’ங்கிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கோ. கேடட் பிள்ளைக எம்புட்டு பாயிண்ட்டோ அம்புட்டு தண்டால் எடுப்பாக. போன வருசக் கணக்குல போனா, உங்களால அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல உடற்பயிற்சி.

அவுக அடையாளம் கோவேறு கழுதை. 1899ல இருந்து. நேவிக்காரன் வெள்ளாட்டைக் கொண்டாந்தான், அதுக்குப் போட்டியா இவுக கழுதையைக் கொண்டாந்தாக. உங்க அடையாளம் கழுகு. ‘கழுகு மேல பறக்கும், கழுதை கீழ நிக்கும்’னு அட்டையில எழுதிக்கிட்டு இருந்தீகளே, நேத்து குப்பைத்தொட்டியில பாதி பார்த்தேன். நல்ல கற்பனைதான். ஆனா கோவேறு கழுதையை மேய்ச்சவனைக் கேட்டுப்பாரு. அது அடிச்சா நகராது, கொஞ்சுனா நகராது. சொமையை ஏத்திட்டா மட்டும் நிக்காமப் போயிக்கிட்டே இருக்கும்.

ஆட்டம் முடிஞ்சதும் ஓடி வந்து காரெடுக்காதே. தோத்தாலும் ஜெயிச்சாலும் ஆட்டக்காரப் பிள்ளைக கேடட் கூட்டத்து முன்னால வந்து நின்னு காலேஜுப் பாட்டைப் பாடுவாக. நீயும் எந்திரிச்சு, தொப்பியைக் கழட்டி, வாயை மூடிக்கிட்டு நில்லு. ஜெயிச்சிருந்தா ரொம்ப நேரம் நில்லு.

இப்ப ‘தாத்தா, நீங்க யாரு பக்கம்’னு கேப்பே. நான் யாரு பக்கமும் இல்லை. எதுத்த வீட்டு வெள்ளைக்காரரு இருக்காரே, கொடிக்கம்பம் நட்டு வச்சிருப்பாரே, அவரோட அஞ்சு டாலர் பந்தயம் கட்டியிருக்கேன், அம்புட்டுத்தான். உங்கம்மாகிட்டச் சொல்லிறாதே. மனுஷன் இருவது வருஷம் நேவியில இருந்தவரு. ராணுவம் ஜெயிக்கும்னு அவரு வாயால செத்தாலும் சொல்ல மாட்டாரு. அப்ப நான் எந்தப் பக்கம் கட்டியிருப்பேன்னு நீயே யோசிச்சுக்கோ, காலேஜுல படிக்கிறவன்தானே.