கால் நீட்ட இடம்

ஐரோப்பாவுக்குப் பிசினஸ் கிளாஸில் பறக்கிறவர்களுக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. லுஃப்தான்சாவின் பழைய வகை கேபினில் இருக்கைகள் இரண்டிரண்டாக ஒட்டி இருக்கும். விரித்தால் முழுப் படுக்கைதான். ஆனால் பக்கத்துக்காரரின் பாதம் நம் பாதத்துக்கு வெகு அருகில் வந்துவிடும். ஜன்னலோரக்காரருக்கு நடுராத்திரியில் கழிப்பறை போக வேண்டுமென்றால், தூங்குகிற மனிதரின் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். லட்சக்கணக்கில் கொடுத்துச் சீட்டு எடுத்துவிட்டு இன்னொருவன் முழங்காலைத் தாண்டுவதா? விமானப் பயணம் பற்றி எழுதுவதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் இந்தக் கொடுமையை வருடக்கணக்கில் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

கம்பெனி காதுகொடுத்துக் கேட்டது. 2024 மே மாதம் 'அலெக்ரிஸ்' என்ற புதிய கேபின் பறக்கத் தொடங்கியது. எல்லா வகுப்புகளிலும் இருக்கையையும் சேவையையும் சீர்செய்ய 250 கோடி யூரோ செலவு என்று அறிவித்தார்கள். பிசினஸ் கிளாஸில் மட்டும் ஏழு வகை இருக்கைகள். ஒரு வகையில் படுக்கையின் நீளம் 2.20 மீட்டர். குளிரெடுத்தால் இருக்கையைச் சூடாக்கிக்கொள்ளலாம், வியர்த்தால் குளிராக்கிக்கொள்ளலாம். முழங்கால் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. உலகத்தில் நியாயம் இன்னும் செத்துப்போகவில்லை.

இதை ஸ்ரீபெரும்புதூரில் நின்றுகொண்டு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் ஃப்ராங்க்ஃபர்ட் விமானத்தின் முன்பக்கம் சும்மா நிரம்பிவிடுவதில்லை. 2006-இல் நோக்கியா வந்தது. 2010-இல் ஓரகடத்தில் ரெனோ–நிசான். 2012-இல் அதே ஓரகடத்தில் டைம்லரின் லாரித் தொழிற்சாலை. இவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் எத்தனையோ. மேற்பார்வைக்கு வருகிறவர், தணிக்கைக்கு வருகிறவர், இங்கிருந்து தலைமையகத்துக்குக் கணக்குச் சொல்லப் போகிறவர் என்று வருடம் முழுக்க நடமாட்டம். பெரிய கம்பெனிகள் பலவற்றின் பயண விதியில் ஒரு வரி இருக்கும்: இத்தனை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் பிசினஸ் கிளாஸ். காரணம், போய் இறங்கியதும் மீட்டிங் இருக்கிறது. தூங்காத மூளை தப்பான முடிவு எடுக்கும். நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கு மறுப்பே இல்லை.

இனி தூங்காத கைகளின் கதை.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமானது. நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அப்போதுதான் விடுதிகளின் லட்சணம் வெளியே வந்தது. ராய்ட்டர்ஸ் நிருபர்களிடம் பெண்கள் சொன்ன கணக்குப்படி ஓர் அறையில் ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை. தரையில் படுக்கை. சில இடங்களில் கழிப்பறையில் தண்ணீர் வராது. முப்பது பேர் தரையில் படுத்திருக்கும் அறையில், சுவரோரம் படுத்தவள் ராத்திரி எழுந்து வெளியே போக எத்தனை முழங்காலைத் தாண்ட வேண்டும்? இந்தக் கேபினைப் பற்றி யாரும் விமர்சனம் எழுதியிருக்கவில்லை. படுத்தவர்களுக்கு எழுத நேரமில்லை. எழுதுகிறவர்கள் அங்கே படுத்ததில்லை.

ஆகவே அந்தப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த முறையில் விமர்சனம் எழுதினார்கள். டிசம்பர் 17 இரவு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். லாரிகள் நின்றன. உடனே போலீஸ் வந்தது, அமைச்சர்கள் வந்தார்கள், ஆப்பிள் கம்பெனிக்குக்கூடக் கண் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. போராட்டத்தோடு மூடிய ஆலை 2022 ஜனவரி 12-இல்தான் மறுபடி ஓடியது. நாலு பேரின் வயிறு கெட்டால் நடவடிக்கை இல்லை, நெடுஞ்சாலையில் லாரி நின்றால் நடவடிக்கை உண்டு என்பதை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அன்றைக்கே கற்றுக்கொண்டிருப்பார்கள்.

விமானக் கம்பெனியின் தவறால் ஃப்ராங்க்ஃபர்ட் போக நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிப்படி பயணிக்கு 600 யூரோ தர வேண்டும். லைனில் நிற்கும் பெண்ணுக்கு அது மூன்று மாதச் சம்பளத்துக்குக் குறையாது. நல்ல சட்டம், பின்வரிசையில் உட்காருகிறவருக்கும் அதே தொகைதான். ஓரகடம் பக்கம் கம்பெனி பஸ் தாமதமானால் யார் யாருக்குப் பணம் தர வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டால் பஸ்ஸில் இருப்பவர்களே சிரிப்பார்கள்.

பஸ் என்றதும் இன்னொரு கணக்கு. பறக்கிறவர்களுக்கு மைல் புள்ளி உண்டு. சேரச் சேர வெள்ளி அட்டை, தங்க அட்டை, தனி ஓய்வறை. காஞ்சிபுரம், அரக்கோணம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். போக 50, வர 50 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர். மாதம் 26 நாள். வருடத்துக்கு 31,200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் போய்வர ஏறக்குறைய 15,200. ஆக, நம் ஊர்ப் பெண் எந்த விசாவும் இல்லாமல் வருடத்துக்கு இரண்டு முறை ஜெர்மனி போய்வரும் தூரத்தைக் கழுத்து ஒடியத் தூங்கிக்கொண்டே கடக்கிறாள். புள்ளிகளை யார் கணக்கில் சேர்ப்பது?

சட்டம் இவர்களை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு, வேலைக்கு நடுவில் ஓய்வு வாய்த்தால் உட்கார, இருக்கை வைத்திருக்க வேண்டும் என்றது அது. எழுபது வருடத்துக்கு மேல், 2025 நவம்பர் வரை, அமலில் இருந்த சட்டம். வாய்த்தால் என்கிற அந்தச் சொல்லில்தான் முதலாளியின் மொத்த சாமர்த்தியமும் குடியிருந்தது. ஓய்வு வாய்க்காதபடி லைனின் வேகத்தை வைத்துவிட்டால், ஸ்டூல் பாட்டுக்கு ஓரமாக நிற்கும், சட்டமும் மீறப்படவில்லை. கடைகளில் நிற்கிறவர்களுக்கு அதுவும் இல்லாமல் இருந்தது. துணிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை தர 2021 செப்டம்பரில் இந்த மாநிலம் தனியாக ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு பக்கம் இருக்கைக்குச் சூடு போதுமா என்ற ஆராய்ச்சி; இன்னொரு பக்கம் இருக்கையே உரிமையா என்ற விவாதம். இரண்டும் ஒரே காலத்தில்தான் நடந்தன.

அரசாங்கத்துக்கும் இந்த நுட்பம் தெரியும். மத்திய அரசு அதிகாரிகள் வெளிநாடு பறப்பதற்குச் சம்பள நிலை வாரியாக விதி இருக்கிறது: 14 முதல் 16 வரை பிசினஸ் கிளாஸ், 17-உம் அதற்கு மேலும் முதல் வகுப்பு. எந்த நிலையில் முதுகெலும்பு வளைய மறுக்கிறது என்பதை எவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! 2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இன்னும் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்தது. ஆலைகளில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு நாலு நாள்தானே என்று விளக்கம் வேறு. ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தே போனால் மனித உடம்பு தாங்காது என்கிறது கம்பெனி விதி. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் தாங்கும் என்றது சட்டமன்றம். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தபின், மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். உழைப்பாளர்களுக்கு மே தினப் பரிசு! நம் பையிலிருந்து எடுத்ததை நம் கையிலேயே கொடுத்துவிட்டு வாழ்த்தும் சொன்னார்கள்.

வரியில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் கிளாஸ் சீட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஐயோ பாவம் என்று அவசரப்படாதீர்கள். கம்பெனி வேலையாகப் போகிறவரின் சீட்டு என்றால் கட்டிய வரியைக் கம்பெனி தன் கணக்கில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. பெண்கள் விடுதிக் கதை வேறு. விடுதி என்பது குடியிருப்பு இல்லை, வியாபாரம். ஆகவே வரி கட்டு என்றார்கள். வேலைக்குப் போகும் பெண் விடுதியில் தங்குவதும் குடியிருப்பதுதான் என்று சொல்வதற்கு 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வாய் திறக்க வேண்டியிருந்தது. பிறகுதான் ஜிஎஸ்டி கவுன்சில் மாதம் 20,000 ரூபாய் வரையிலான விடுதிக் கட்டணத்துக்கு விலக்குத் தந்தது. அதுவரை, பாய் விரித்துப் படுப்பதும் ஒரு வணிகச் சேவையாகத்தான் இருந்தது.

குழந்தை அழுகை கேட்காத கேபின் வேண்டும் என்று விமானப் பயணிகளில் சிலர் அடிக்கடி கோரிக்கை வைக்கிறார்கள். விமானக் கம்பெனிகளே யோசிக்கிற விஷயம் அது. ஆலைத் தளத்திலும் அப்படி ஓர் ஆசை உண்டு போலிருக்கிறது. ஃபாக்ஸ்கானின் இதே ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை ஒதுக்கிவைத்தார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் விவரமாக எழுதியது. கம்பெனி பாகுபாடு இல்லை என்று மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. தாலி இருந்தால் பொறுப்பு இருக்கும், பொறுப்பு இருந்தால் லீவு கேட்பாள் என்ற கணக்கைப் போட ஹார்வர்டு போக வேண்டியதில்லை. எந்த ஊர்க் கங்காணியும் வாய்க்கணக்காகவே போடுவான்.

நல்லது நடந்தால் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 17-இல் வல்லம் வடகாலில், மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய பெண்கள் குடியிருப்பு திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய். பதின்மூன்று கட்டடங்கள், பத்துப் பத்து மாடி, அறைக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 படுக்கைகள். தரையிலிருந்து கட்டிலுக்கு ஏறியது சின்ன விஷயமில்லை, பாராட்டுகிறேன். கூடவே வகுத்தும் பார்த்தேன். ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் லட்சம் ரூபாய். அவசரத்துக்கு எடுத்தால் சென்னை–ஃப்ராங்க்ஃபர்ட் பிசினஸ் கிளாஸ் போய்வரச் சீட்டும் இந்த விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தப் படுக்கை போக ஒரு முறை, வர ஒரு முறை. இந்தப் படுக்கை ஒரு தலைமுறைப் பெண்களுக்கு. இதைக் கட்ட, சாப்பாடு விஷமாகி, பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து, உலகப் பத்திரிகைகள் எழுதி, அதன் பிறகும் இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

திறப்பு விழா முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 9-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சங்கத்தை அங்கீகரி என்பது முக்கியக் கோரிக்கை. அப்போது முதலமைச்சர் முதலீடு தேடி அமெரிக்காவில் இருந்தார். முப்பத்தேழு நாள் நடந்த அந்தப் போராட்டத்தில், அக்டோபரில் போலீஸ் வந்து பந்தலைப் பிரித்துப் போட்டது. தொழிலாளர்களைக் கைது செய்தது. பல்லாயிரம் படுக்கை கட்டிக்கொடுத்த அதே அரசாங்கத்துக்கு, நிழலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பொறுக்க முடியவில்லை. கம்பெனி தருகிற இடத்தில் படுக்கலாம். தானாக ஓர் இடம் பிடித்து உட்காரக் கூடாது. உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது.

சென்னையின் அடுத்த விமான நிலையமும் இந்தப் பக்கமே வருகிறது. பரந்தூர். ஓரகடத்துக்காரர்கள் மீனம்பாக்கம் வரை நெரிசலில் தவிக்க வேண்டாம். அதற்காகத் தூக்கம் போனது ஏகனாபுரத்துக்கு. வீடும் வயலும் ஏரியும் ஓடுபாதைக்கு என்று 2022-இல் தெரிந்த நாளிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் பகலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் கூடிப் போராடுகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தும் பார்த்தார்கள். ஆயினும் திட்டத்துக்கு 2025-இல் மத்திய அரசின் கொள்கை ஒப்புதல் கிடைத்தது.

2025 ஆகஸ்ட் கடைசியில் முதலமைச்சர் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போனார். 33 ஒப்பந்தங்கள், 15,516 கோடி ரூபாய் முதலீடு, 17,613 பேருக்கு வேலை என்று கணக்கு வந்தது. ஒற்றை இலக்கம் வரைக்கும் வேலையை எண்ணத் தெரிந்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த 17,613 பேரும் ராத்திரி எங்கே படுப்பார்கள்? வல்லம் வடகாலைப் போல அடுத்த விடுதிக்கும் யாராவது வயிறு கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?

சிப்காட்டில் நிலம் கேட்டு வருகிற கம்பெனியிடம் எத்தனை ஏக்கர், எத்தனை மெகாவாட், எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் கேட்கிறீர்கள். அதே விண்ணப்பத்தில் இன்னும் இரண்டு கட்டம் சேருங்கள். எத்தனை பேர் நின்று வேலை செய்வார்கள், அவர்களுக்கு எத்தனை இருக்கை என்று ஒன்று. ஊரிலிருந்து எத்தனை பேரைக் கூட்டி வருவீர்கள், அவர்களுக்கு எத்தனை கட்டில் என்று இன்னொன்று. இரண்டையும் நிரப்பாத கம்பெனிக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கொடுக்காதீர்கள்.