முப்பது மதிப்பெண் யாருக்கு?

கேள்வி: மகளை இன்ஜினீயரிங் சேர்க்கப் போகிறோம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையை நம்பலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பாதி நம்பலாம், அம்மா. 2016 முதல் வரும் இந்தப் பட்டியலில், நூற்றுக்கு 30 மதிப்பெண் ஆராய்ச்சிக்கு. ஆய்வுக் கட்டுரையா உங்கள் மகளுக்கு முதலாண்டுக் கணக்கைச் சொல்லித்தரப் போகிறது? பேர் புகழுக்கு இன்னொரு 10. மாப்பிள்ளை வீட்டாரே ஜாதகம் எழுதித் தருவதுபோல, விவரங்களில் பெரும்பகுதியைக் கல்லூரிகளே அனுப்புகின்றன. ஆனாலும் அந்த விவரங்கள்தான் பொக்கிஷம்! ஆசிரியர் எண்ணிக்கை, வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் எல்லாம் என்.ஐ.ஆர்.எஃப். இணையதளத்தில் இருக்கின்றன. ரேங்க்கை விட்டு அவற்றைப் படியுங்கள். பணம் கட்டுமுன், மகள் விரும்பும் துறையில் மூன்றாமாண்டு படிக்கும் மாணவி ஒருத்தியிடம் அவசியம் பேசுங்கள்.