மூன்று தரம் சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஏல நிறுவனத்தார் அனைவருக்கும்,

லண்டன், நியூயார்க், மும்பை, டெல்லி என்று எந்த ஊரில் சுத்தியலைத் தட்டினாலும் இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். உங்கள் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. 1744-ல் பிறந்த சோத்பீஸும் 1766-ல் பிறந்த கிறிஸ்டீஸும் நலமாக இருப்பது ஊரறிந்த சேதி. என் நலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு தஞ்சாவூர்ப் படம் இருக்கிறது. வெண்ணெய்க் குடத்தைக் கட்டிக்கொண்டு புஷ்டியாக உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணன். பலாப் பலகை, அதன்மேல் துணி, சுண்ணப் பூச்சு, தங்க ரேக்கு, கண்ணாடிக் கற்கள். வரைந்தவர் வெள்ளையாகத்தான் வரைந்தார். மூன்று தலைமுறைக் கற்பூரப் புகையில் பிள்ளை நிஜமாகவே கார்வண்ணன் ஆகிவிட்டான். இடது தோளில் விழுந்துபோன பச்சைக் கல்லுக்குப் பதிலாக எங்கள் அத்தை தன் ரவிக்கையிலிருந்து பிய்த்த கண்ணாடி மணி ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறார். பின்பக்கம் கரையான் ஒரு புறவழிச்சாலை போட்டிருக்கிறது. வீட்டைப் பாகம் பிரித்தபோது எல்லாம் மூன்றாகப் பிரிந்தது, கிருஷ்ணனைத் தவிர. அறுக்க முடியாது, ஆகவே விற்க வேண்டும்.

பழம்பொருளை விற்பதற்குச் சரியான ஏல நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வெற்றி என்று உங்கள் கையேடுகள் ஒரே குரலில் சொல்கின்றன. வெற்றி யாருக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. சரியான நிறுவனம் எது? பொருள் இன்னதென்று தெரிந்தால் சொல்லிவிடலாம். பொருள் இன்னதென்று யார் சொல்வார்? சரியான நிறுவனம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று எங்கள் ஊரில் சொல்வது உங்கள் தொழிலைப் பற்றித்தான் என்று இப்போது புரிகிறது.

இந்தச் சிக்கலைத் தீர்த்துவைக்க நீதிமன்றங்களும் தங்களால் ஆனதைச் செய்திருக்கின்றன. 1985-ல் இங்கிலாந்தில் ஒரு தம்பதி, வேட்டைநாய்களை வரைந்த இரண்டு சின்னப் படங்களை உள்ளூர் ஏலக்காரரிடம் கொடுத்தார்கள். சில பத்துப் பவுண்டுகள் போகும் என்றார் அவர். 840 பவுண்டுக்குப் போயிற்று. தம்பதிக்குப் பரம சந்தோஷம். ஐந்தே மாதத்தில் அதே நாய்கள் லண்டன் சோத்பீஸில் ஏறின; குதிரைப் படங்களுக்குப் பேர்போன ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்தவை என்ற அடையாளத்தோடு 88,000 பவுண்டு. வழக்குப் போட்டார்கள். முதலில் ஜெயித்தார்கள். பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. உள்ளூர் ஏலக்காரர் குடும்ப டாக்டர் மாதிரி, பெரிய ஸ்பெஷலிஸ்டின் ஞானத்தை அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம்.

சரி, ஸ்பெஷலிஸ்டிடமே போவோம் என்று 2006-ல் ஒருவர் சோத்பீஸுக்கே போனார். சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் செய்கிறவர்களைக் காட்டும் படம். ஓவிய மேதை கராவாஜியோவைப் பார்த்து யாரோ போட்ட நகல் என்றார்கள். 42,000 பவுண்டுக்குச் சுத்தியல் இறங்கிற்று. படம் போய்ச் சேர்ந்த இடம் சர் டெனிஸ் மாஹன், இத்தாலிய ஓவியத்தில் கரைகண்ட வரலாற்றாசிரியர். மறு வருஷமே, இது கராவாஜியோ தானே வரைந்தது என்று அறிவித்தார். ஒரு கோடி பவுண்டுக்குக் காப்பீடு செய்யப்பட்டது. விற்றவர் வழக்குப் போட, 2015-ல் தீர்ப்பு வந்தது: நிறுவனத்தின் நிபுணர்கள் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்கள், கவனக்குறைவு ஏதும் இல்லை. ஆக, தெரியாமல் இருப்பது சின்ன டாக்டரின் உரிமை. தெரிந்தவராக இருந்துகொண்டே பிசகுவது பெரிய டாக்டரின் உரிமை. நோயாளிக்கு உள்ள ஒரே உரிமை பீஸ் கட்டுவது.

ஜெர்மனி கதை இன்னும் விசேஷம். 2009-ல் ஆக்ஸ்பர்க் நகரத்து ஏலக்கடை ஒன்றில் ஒரு பழைய பாரசீகக் கம்பளம் வந்தது. உத்தேச விலை 900 யூரோ. கேள்வி ஏறி ஏறி 19,700 யூரோவில் நின்றது. 900 என்று மதிப்பிட்ட பொருளை யாரோ இரண்டு பேர் இருபது மடங்குக்கு மேல் போட்டி போட்டுக் கேட்கிறார்களே, அவர்களுக்கு என்ன தெரியும் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லையா என்பது என் தாழ்மையான சந்தேகம். மறு வருஷம் ஏப்ரலில் அதே கம்பளம் லண்டன் கிறிஸ்டீஸில் விரிந்தது. கிர்மான் நெசவு, பதினேழாம் நூற்றாண்டு. 62 லட்சம் பவுண்டு. அதுவரை எந்தக் கம்பளமும் ஏலத்தில் தொடாத விலை. இதில் ஒரு வேடிக்கை: கிறிஸ்டீஸ் போட்டிருந்த உத்தேச விலையே இரண்டு மூன்று லட்சம்தான். பழைய உடைமைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். எல்லாச் சரக்கையும் விற்கும் கடைக்குக் கம்பள ஞானம் கட்டாயமில்லை என்று அங்கேயும் அனுப்பிவிட்டார்கள்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் மறுபக்கமும் உண்டு. 2019-ல் பிரான்ஸில் கொம்பியேன் ஊரில் ஒரு மூதாட்டியின் வீட்டைக் காலி செய்யுமுன் சாமான்களைப் பார்க்க வந்த ஏலக்காரப் பெண்மணி, சமையலறை அடுப்புக்கு மேலே தொங்கிய சின்னப் பலகைப் படத்தைக் கவனித்தார். என் கிருஷ்ணனைப் போலவே புகை குடித்த படம். தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று பாரிஸ் நிபுணர்களிடம் அனுப்பினார். சீமாபுவே என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டு ஓவியரின் படம் அது. சென்லிஸ் என்ற சிற்றூர் ஏலத்தில் 2.4 கோடி யூரோவுக்குப் போயிற்று. மூதாட்டி செய்த புண்ணியம், எட்டிப் பார்த்தவர் 'எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கேட்கிறேன்' என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தார். அந்த வாக்கியம் உங்கள் எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை. எனக்கோ வேறு எந்தத் தகுதியும் உங்களிடம் வேண்டாம். எவ்வளவு போகும் என்று நான் கேட்கும்போது தொகையைச் சொல்லாதீர்கள். யாரைக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

போட்டி இருக்கிறது, நாலு இடத்தில் விசாரித்துப் பேரம் பேசலாம் என்பீர்கள். அதையும் படித்தேன். விற்பவரிடம் மட்டும் கமிஷன் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெரிய நிறுவனங்கள் 1975-ல் லண்டனில் வாங்குபவரிடமும் 10 சதவீதம் என்று ஆரம்பித்தன, சில நாள் இடைவெளியில். மனமொத்த தம்பதிகளுக்கு ஒரே நேரத்தில் பசிக்கும் என்பார்கள். 1995-ல் விற்பவர் கமிஷனில் இனிப் பேரமே கிடையாது என்று ஒருவர் அறிவிக்க, சீக்கிரமே மற்றவரும் அறிவித்தார். அது மட்டும் பசி இல்லை, பேச்சுவார்த்தை என்று அமெரிக்க அரசு கண்டுபிடித்தது. சோத்பீஸ் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மனுக்கு 2002-ல் ஓராண்டும் ஒரு நாளும் சிறை, 75 லட்சம் டாலர் அபராதம். தலைமை நிர்வாகியாக இருந்த டயானா புரூக்ஸுக்கு ஆறு மாதம் வீட்டுக்காவல். வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கில் இரு நிறுவனங்களும் சேர்ந்து 51.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன, ஆளுக்குப் பாதி. அந்த ஆண்டுகளில் எந்த நிறுவனம் பொருத்தம் என்று தூக்கமில்லாமல் யோசித்த விற்பனையாளர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே விலைப்பட்டியல்.

அதற்குப் பிந்தைய கமிஷன் நிலவரம் என்ன? 2024-ல் சோத்பீஸ் மனமிரங்கி, வாங்குபவர் கட்டணத்தை 60 லட்சம் டாலர் வரை 20 சதவீதம் என்று குறைத்தது. ஒரே வருஷம். 2025 பிப்ரவரியில் 20 லட்சம் டாலர் வரை 27 சதவீதம் ஆயிற்று. அது வாங்குபவர் தருவதுதானே, உனக்கென்ன வலிக்கிறது என்கிறீர்கள். கையில் 100 ரூபாய் வைத்திருப்பவன் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 78-லேயே கையை இறக்கிவிடுவான் ஐயா. அந்த 78-லிருந்து என் பங்குக் கமிஷன், போட்டோக் கட்டணம், காப்பீடு, ஏலம் போகாவிட்டால் அதற்கு ஒரு கட்டணம், நடுவில் நான் மனம் மாறினால் அதற்கு ஒன்று. எல்லாம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்புக்குக் கண்ணாடி போட்டுவிட்டால் படிக்கக்கூடிய எழுத்தில்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலத்தைப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. கேட்கிறவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பான். விற்கிறவன் கேட்கிறவன் முகத்தைப் பார்ப்பான். யார் கேட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். உங்கள் அறையிலோ அடிவிலை ரகசியம், கேட்பவர் தொலைபேசியில், அடிவிலை எட்டும்வரை யாரும் கேட்காத கேள்வியை ஏலக்காரரே சரவிளக்கைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று வழக்கம் வேறு. சரவிளக்கு இதுவரை பணம் கட்டியதாகத் தகவல் இல்லை.

சரவிளக்கு மட்டுமா? 2010-ல் லண்டன் புறநகர் வீடொன்றைக் காலி செய்தபோது கிடைத்த சீனத்து ஜாடிக்கு ரைஸ்லிப் ஏலக்கடையில் 4.3 கோடி பவுண்டுக்குச் சுத்தியல் தட்டினார்கள். உலகம் முழுக்கச் செய்தி. எடுத்தவர் பணம் கட்டவில்லை. சில வருஷம் கழித்து வேறொரு நிறுவனம் மூலமாகச் சத்தமில்லாமல் பாதி விலைபோலக் கைமாறியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்பதெல்லாம் சரி. பணம் வராவிட்டால் நாலாம் தரம் என்ன?

இவ்வளவும் படித்துவிட்டு லண்டனே போகலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டபோது இந்திய அரசு என் கையைப் பிடித்துத் தடுத்தது. 1972-ல் இயற்றி 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டம். நூறு வயது நிறைந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று வருஷம். மரப்பலகை ஓவியத்தைப் பதிவு செய்ய வேண்டும், கைமாறினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், விற்றுத் தருபவருக்கு உரிமம் வேண்டும். ஆகவே எனக்குப் பொருத்தமான நிறுவனங்கள் எல்லாம் இந்த நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. தேடும் வேலையில் முக்கால்வாசியைச் சட்டமே முடித்துக்கொடுத்தது. 99 வயதுப் படம் கைவினைப் பொருள், விமானம் ஏறலாம். 100 வயதுப் படம் ஊரோடு இருக்க வேண்டியது. உங்கள் பட்டியலில் 'சுமார்' போட்டு வருஷம் எழுதும்போது அந்தச் சுமாருக்குள் ஒரு சிறைத்தண்டனை இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடப்பட்டு, 2008-ல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, 2014-ல்தான் திரும்பினார். போனபோது அவர் கையில் பூர்வீகத்தைச் சொல்லும் காகிதங்கள் அழகாக, அடுக்காக இருந்தன. அத்தனையும் போலி. என் கிருஷ்ணன் யாரிடமும் திருடப்பட்டவன் இல்லை. ஆகவே அவனிடம் ஒரு காகிதமும் இல்லை. கொள்ளுத்தாத்தா யாரிடம், எப்போது, எவ்வளவு கொடுத்து வாங்கினார், ரசீதை இணைக்கவும் என்று உங்களில் ஒருவர் அனுப்பிய படிவம் கேட்கிறது. அந்தக் காலத்தில் வீட்டுக்குச் சாமி வாங்கியவர் ரசீது கேட்டிருந்தால் அவரை வேறு இடத்துக்கு அழைத்துப் போயிருப்பார்கள். என்னிடம் இருப்பது 1938-ல் எடுத்த தாத்தா பாட்டி கல்யாணப் போட்டோ. பாட்டியின் தலைக்குப் பின்னால், சுவரில், கிருஷ்ணனின் முழங்காலும் குடத்தில் பாதியும் தெரிகின்றன. முழங்காலை அத்தாட்சியாக ஏற்பீர்களா?

இன்னொன்று. ஏலத்துக்கு வைத்து விலைபோகாத பொருளை உங்கள் தொழிலில் எரிந்துபோன சரக்கு என்கிறீர்களாம். முடிவு இணையத்தில் நிரந்தரமாகப் பதிவாகிவிடும். அடுத்த முறை கேட்பவன் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். ஆகவே ஆசைகாட்டி உயர்த்திப் போட்ட உத்தேச விலை உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது நஷ்டம், எனக்குப் பத்து வருஷம். என் கிருஷ்ணனைப் பார்க்காமல், வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்தே பல லட்சம் என்று பதில் போட்ட மகானுபாவருக்கு இந்தப் பத்தியைத் தனியாகக் காணிக்கையாக்குகிறேன். நான் அனுப்பியது பின்பக்கத்துப் போட்டோ.

ஆகவே உங்களில் யாருக்கு இந்தப் படம் வேண்டுமோ அவர்கள், கடந்த ஐந்து வருஷத்தில் விற்ற தஞ்சாவூர்ப் படங்களின் உத்தேச விலை, விற்ற விலை, விற்காமல் திரும்பியவை ஆகியவற்றை முதலில் அனுப்புங்கள். உரிம எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். படத்தை நேரில் பார்க்கப் போகிறவர் யார், அவர் இதற்கு முன் தஞ்சாவூர்ப் பலகையைக் கையால் தொட்டிருக்கிறாரா என்று எழுதுங்கள். அடிவிலையை நாம் பேசி எழுத்தில் வைப்போம். எடுத்தவர் பணம் கட்டாவிட்டால் எத்தனை நாளில் படம் என் வீட்டுக்குத் திரும்பும், லாரி வாடகை யார் தருவது என்பதும் அதே தாளில், அதே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

பதில் வரும்வரை கிருஷ்ணன் எங்கள் அத்தை வசம் இருப்பான். ரவிக்கை மணியைத் தனியாகக் கழற்றித் தந்துவிட வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டிருக்கிறார். அதை உங்கள் ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து,
மூன்றில் ஒரு பங்கு கிருஷ்ணனின் சொந்தக்காரன்