ஃபார்மட் சித்தப்பா

கம்ப்யூட்டர் நின்றுபோய்விட்டது என்று போன் செய்தால், என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று என்றெல்லாம் ஃபார்மட் சித்தப்பா கேட்கமாட்டார். "டெஸ்க்டாப்புல முக்கியமானது ஏதாவது இருக்கா?" என்பார். இருக்கிறது என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் "சரி சரி, வர்றேன்" என்று வைத்துவிடுவார். பாப்பாவின் காதுகுத்துப் படங்கள், வீட்டுக்கடன் கணக்கு, பாதியில் நிற்கும் புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் அந்த நிமிஷமே காலம் முடிந்தது.

அவர் யாருக்குச் சித்தப்பா என்பது முக்கியமில்லை. சில வீடுகளில் அவர் மாடிவீட்டு மாமா. ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் சார். தொண்ணூறுகளின் கடைசியில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸும் ஃபாக்ஸ்புரோவும் படித்தவர். லேமினேட் செய்த சர்டிஃபிகேட் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. விண்டோஸ் எத்தனையோ அவதாரம் எடுத்துவிட்டது. சித்தப்பாவின் வைத்தியம் மட்டும் மாறவில்லை.

வரும்போது ஜிப் வைத்த ஒரு பை வரும். அதில் ஸ்டார் முனை ஸ்க்ரூடிரைவர், யாரும் இனிமேல் போட்டுப் பார்க்க முடியாத சிடிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் ஒன்று. ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைத் தேய்ப்பதற்குத்தான் ரப்பர். இதைக் கேலி செய்யக் கூடாது. தொடுமுனையில் படிந்த அழுக்கு போய், செத்த மெஷின் எழுந்து உட்கார்ந்ததும் உண்டு. என்ன, பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவர் ரேமைத்தான் கழற்றுவார்.

அடுத்தது ரைட் கிளிக், ரிஃப்ரெஷ். ஒரு தரம் இல்லை, விரல் ஓய்கிற வரைக்கும். அதனால் மெஷினுக்கு ஒரு நன்மையும் கிடையாது என்று அவரிடம் சொன்னவர்கள் யாரும் பிறகு அவரைத் துணைக்குக் கூப்பிட முடிந்ததில்லை. கடைசியாக நாற்காலியைத் திருப்பி, கூடத்தைப் பார்த்து, "யாரு கேம் விளையாடினது?" என்பார். வீட்டுப் பையன் அதற்குள் கொல்லைப்பக்கம் போயிருப்பான்.

"வைரஸ்தான் அண்ணி. ஃபார்மட் பண்ணிடலாம்."

ஃபார்மட் ஆகும்போது திரையில் கோடு மெல்ல நகரும் நேரம்தான் சித்தப்பாவின் பொற்காலம். காபி வரும், முறுக்கு வரும், வீட்டுப் பெரியவர் எதிரில் வந்து உட்காருவார். தங்கம் விலை, மேம்பால வேலை, சொந்தத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் தீர விசாரிக்கப்படும். முப்பத்தெட்டு சதவீதத்தில் கோடு நின்றபோது பேச ஆரம்பித்த ஒரு வரன், அது நூறைத் தொடுவதற்குள் ஜாதகம் பார்க்கிற அளவுக்குப் போனதாகக் கேள்வி.

எல்லாம் முடிந்ததும் சாவிக்கொத்திலிருந்து பென்டிரைவைக் கழற்றுவார். அதில் 'ஆல் டிரைவர்ஸ் ஓகே' என்று ஒரு ஃபோல்டர். செருகுகிற கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கிற டிரைவர் என்னும் புரோகிராம்கள், விண்டோஸ் 7 காலத்தில் எங்கெங்கோ சேகரித்தவை. பிரிண்டர், ஸ்கேனர், வெப்கேமரா, வைஃபை டாங்கிள் என்று செருகியிருக்கிற எல்லாவற்றுக்கும் அதிலிருந்து ஆளுக்கொன்று போட்டுவிட்டு, வாசல்வரை வழியனுப்பப்பட்டுப் போவார்.

கம்ப்யூட்டர் ரெண்டு நாள் குதிரை மாதிரி ஓடும். மூன்றாம் நாள் பையன் கிரிக்கெட் பார்க்க உட்காருவான், திரை நீலமாகிவிடும். கிரிக்கெட் வழியாக வைரஸ் வருகிறது என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டானது இப்படித்தான்.

அந்த நீலத் திரையைச் சித்தப்பா படித்ததே இல்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து அதில் ஒரு அழுமூஞ்சியும் சேர்ந்துகொண்டதால், அதற்கு மேல் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை போலும். உண்மையில் அது மெஷினின் மரண வாக்குமூலம். 'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று குற்றத்தைச் சொல்லி, பல சமயம் அதன் கீழேயே குற்றவாளியின் பெயரையும் 'டாட் சிஸ்' என்று முடியும் ஒரு ஃபைலாக எழுதிவைத்துவிட்டுத்தான் சாகிறது. தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத நினைவக முகவரியை ஒரு டிரைவர் தொட்டுவிட்டது என்பதுதான் விஷயம். சாதாரண புரோகிராம் இப்படிச் செய்தால் அதை மட்டும் மூடிவிட்டு விண்டோஸ் தன் பாட்டுக்குப் போகும். டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னல் என்கிற மையத்துக்குள்ளேயே ஓடுகிறவை. அங்கே ஒன்று தடுமாறினால், இருக்கிற டேட்டாவும் பாழாகிவிடக் கூடாதே என்று விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி நிலைகுலைந்த சம்பவங்களில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இலேயே எழுதிவைத்தார்கள். சித்தப்பா அந்த வருஷமும் யார் வீட்டிலோ ரேம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, ஃபார்மட் செய்ததும் கெட்ட டிரைவர் தொலைகிறது. பென்டிரைவைச் செருகியதும் அதே டிரைவர் திரும்பி வந்துவிடுகிறது. நோயை விரட்டுகிற கையும் அதைக் கொண்டுவந்து வைக்கிற கையும் ஒன்றாக இருப்பதால், சித்தப்பாவுக்கு வேலை ஓய்ந்ததே இல்லை.

பெரிய இடங்களிலும் இந்த நீலத் திரை வந்திருக்கிறது. 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்கிறார். விண்டோஸ் 98-இல் எதைச் செருகினாலும் தானே அடையாளம் கண்டுகொள்ளும் என்று காட்டுவதற்காகக் கூட இருந்தவர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். பெரிய திரை முழுக்க நீலம். அரங்கமே சிரித்தது, இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்று கேட்ஸ் சமாளித்தார். இந்தக் கதையைச் சித்தப்பாவிடம் சொன்னதற்கு, "கூட்டத்துல விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இல்ல பாரு. மேடையிலேயே ஃபார்மட் அடிச்சிருக்கலாம்" என்றார்.

அவருக்குச் சோதனை அண்ணன் மகள் ரூபத்தில் வந்தது. காலேஜ் லீவில் வந்திருந்த பெண், நீலத் திரை வந்த கணத்தில் செல்போனில் அதைப் படம் பிடித்துவிட்டாள். சித்தப்பா வந்து ரப்பரை எடுக்கும்போது மெதுவாக நீட்டினாள்.

"சித்தப்பா, இதுல ஃபைல் பேரே போட்டிருக்கு. தேடிப் பார்த்தேன், வைஃபை டாங்கிளோட டிரைவராம்."

"அது எல்லா கம்ப்யூட்டருக்கும் அப்படித்தாம்மா போடும்."

"டாங்கிளைக் கழட்டிட்டு நேத்து ராத்திரி பூரா ஓட விட்டேன் சித்தப்பா. நிக்கவே இல்ல."

"ராத்திரில கரண்ட் சீரா வரும்."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. டிவைஸ் மேனேஜருக்குப் போனாள். டாங்கிளை அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் சேர்த்து அழிக்கிற கட்டத்தில் டிக் போட்டாள். மெஷினை மறுபடி கிளப்பி டாங்கிளைச் செருகினால், விண்டோஸ் தன்னிடமே இருந்த டிரைவரை எடுத்துப் போட்டுக்கொண்டது. முறுக்கு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஃபேனுக்குப் பக்கத்துல நகர்த்தி வச்சே இல்ல, அதுதான். ஓவர்ஹீட்" என்றார்.

ஆனால் காலம் அவரை முழுக்கக் கைவிடவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான ஃபைலை கெர்னலுக்குள் ஓடும் அதன் டிரைவர் படித்ததால், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் ஒரே நாளில் நீலமாயின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். சித்தப்பா டிவிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டார். "பார்த்தியா? அப்பப்ப ஃபார்மட் பண்ணாம விட்டா இப்படித்தான்." சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்று மாலைச் செய்தியில் சொன்னபோது சேனலை மாற்றிவிட்டார்.

அந்த அண்ணன் மகள் இன்னொரு காரியமும் செய்தாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று, சித்தப்பா குளிக்கப் போன நேரத்தில், சாவிக்கொத்தை எடுத்து 'ஆல் டிரைவர்ஸ் ஓகே'யை அழித்துவிட்டாள். ஒரு தலைமுறைக்கு நன்மை செய்துவிட்ட திருப்தியோடு பஸ் ஏறினாள். அந்த ஃபோல்டர் சித்தப்பாவின் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மச்சினர் வீட்டு லேப்டாப்பில் ஒன்று, சிடியில் ஒன்று என்று இருப்பது அவளுக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக பேக்கப் எடுத்து வைத்திருக்கிற ஒரே பொருள் அதுதான்.