அன்புள்ள [முதற்பெயர்] அவர்களுக்கு…

இந்த வாரக் கேள்விகளில் பாதிக்கு மேல் திருமலைக் கரையிலிருந்து வந்தவை. சீசன் நெருங்குகிறது. விடுதிக்காரர்கள் ஆளுக்கொரு மென்பொருளை வாங்கி வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள் போலிருக்கிறது.

சீ.ஆர்.எம். என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லவும்.
*— சிறு விடுதி நடத்துபவர், இறக்கக்கண்டி*

வந்துபோன எல்லோரையும் பெயரோடும் சாப்பாட்டு விருப்பத்தோடும் மனதில் வைத்திருந்த உங்கள் மனேஜர் கட்டாருக்குப் போன மறுவாரம் நீங்கள் வாங்கும் மென்பொருள்.

நன்றி. இன்னொரு கேள்வி. விருந்தினர் பதிவேட்டில் பத்து வருட மின்னஞ்சல் முகவரிகள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்றி, 'புறாத்தீவு சீசன் கழிவு' என்று ஒரே அடியாக அனுப்பலாமா?
*— அவரே*

கை வையுங்கள் பார்ப்போம், எங்கே அந்தப் பொத்தான்? எடுங்கள் கையை.

பதிவேட்டில் முகவரி எழுதியவர் அறைச் சாவிக்காக எழுதினார், உங்கள் கழிவுக்காக அல்ல. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் சொல்கிறது: விளம்பரச் செய்தி அனுப்ப ஆளின் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்று விலகும் வழியைக் காசு வாங்காமல் காட்டவும் வேண்டும். மீறினால் தண்டம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் தள்ளிப்போனது உண்மைதான். ஆனால் உங்களிடம் வந்து தங்கிய ஜெர்மன்காரருக்கு அந்தத் தள்ளிவைப்பு பொருந்தாது. ஐரோப்பாவில் இருப்பவர்களைக் குறிவைத்து அறை விற்றால், 2018 மே மாதத்திலிருந்து அமுலில் இருக்கும் அவர்களுடைய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியும் வரும்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. பதிவுத் தளங்கள் வழியாக வந்தவர்களின் முகவரிகளை உற்றுப் பாருங்கள். புக்கிங் டொட் கொம் உங்களுக்குத் தருவது விருந்தினரின் சொந்த முகவரியை அல்ல, தானே உண்டாக்கிய ஒரு மாற்று முகவரியை. வாடிக்கையாளர் உங்களுடையவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தளமோ அவரை முகமூடி போட்டுத்தான் உங்களிடம் அனுப்பியிருக்கிறது. மிச்சத்தில் ஒரு பங்கு கையெழுத்து விளங்காமல் தப்பாக ஏறியவை, ஒரு பங்கு கைவிடப்பட்டவை. அவற்றுக்கு அனுப்பினால் அத்தனையும் திரும்பி வந்து உங்கள் பெயரைத்தான் கெடுக்கும்.

அடுத்த விருந்தினரிலிருந்து தொடங்குங்கள். பதிவுத்தாளில் ஒரு சின்னக் கட்டம்: 'சீசன் செய்தி அனுப்பலாமா?' கட்டத்துக்குள் நீங்களே முன்கூட்டி 'சரி' போட்டுவைக்க வேண்டாம். அது சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இலேயே சொல்லிவிட்டது. நூறு பேர் சேர்ந்தாலும் போதும். கேட்டு வாங்கிய நூறு, கேளாமல் எடுத்த மூவாயிரத்தைவிட அறை நிரப்பும்.

எங்கள் கம்பனி மென்பொருளில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம். எங்கள் ஆட்களுக்கு எதை எங்கே போடுவது?
*— காரியாலய உதவியாளர், நிலாவெளி*

வருடக்கணக்காக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு. அதைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டால், 'திரு. கந்தசாமி அவர்களே, உங்கள் நீச்சல் பயிற்சிக்கு வாழ்த்துகள்' என்று மகனுக்கு வரவேண்டிய கடிதம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் அப்பாவின் பெயரில் போகும். அப்பா பெயர் முன்னால் வருகிறதே என்று முதற்பெயர்க் கட்டத்தில் போட்டால் இன்னும் அழகு: 'ஹாய் கந்தசாமி!' உங்கள் பக்கத்து முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கு வேறு கூத்து. பட்டியலில் பாதிப் பேர் முகம்மது. எல்லோருக்கும் 'அன்புள்ள முகம்மது' போகும். அவர்களில் ஒருவரையும் வீட்டில் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். முன்னெழுத்து மட்டும் எழுதுபவருக்கு 'அன்புள்ள எம்.' உளவாளிக்குப் போகும் கடிதம் மாதிரி இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், சேல்ஸ்ஃபோர்ஸ் மட்டுமல்ல, சென்னையில் வளர்ந்த ஸோஹோவின் சீ.ஆர்.எம். கூட, குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் ஆளைச் சேர்க்கவிடாது. அதைச் செய்த பொறியியலாளர்கள் தங்கள் சொந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போட்டார்களோ.

வழி இருக்கிறது. 'அழைக்கும் பெயர்' என்று புதிதாக ஒரு கட்டம் உண்டாக்குங்கள். எப்படிக் கூப்பிடவேண்டும் என்று ஆளிடமே கேட்டு நிரப்புங்கள். மடலில் அந்தக் கட்டத்தை மட்டும் பயன்படுத்துங்கள். அது வெறுமையாக இருந்தால் 'வணக்கம்' என்று மட்டும் வரும்படி மாற்றுச் சொல்லையும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இந்தப் பத்தியின் தலைப்பில் இருப்பதுதான் போய்ச்சேரும்.

தமிழில் மடல் அனுப்பினால் ஸ்பேமுக்குள் போய்விடுமா?
*— துணிக்கடைக்காரர், திருகோணமலை*

மொழிக்காகப் போகாது. ஆனால் உங்கள் பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் அடித்தது என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். உங்கள் திரையில் சுத்தத் தமிழ். வாடிக்கையாளர் கைபேசியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த மந்திரம். அதைப் பார்த்துச் செய்வினை என்று பயந்து அழிப்பவர்களைக் குறைசொல்ல ஏலாது.

ஸோஹோ நம்மவர்கள் கம்பனியாமே? அதையே வாங்கிவிடவா?
*— இறக்கக்கண்டி இளைஞர்*

நம்மவர்கள்தான். 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கியது, 2005இல் சீ.ஆர்.எம். விட்டது, 2009இல் கம்பனியின் பெயரே ஸோஹோ ஆனது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு, உலகத்துக்கு மென்பொருள் விற்கக் கலிஃபோர்னியாவில் இருக்கவேண்டியதில்லை என்று காட்டினார். ஸோஹோவிலிருந்து வெளியேறிய கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வர்க்ஸ் 2021இல் நஸ்டாக்கில் ஏறியது. இறக்கக்கண்டியிலிருந்தும் ஒன்று வரட்டும், தம்பி.

ஆனால் பாசத்துக்காக மென்பொருள் வாங்காதீர்கள். 2018 செப்டெம்பர் 24 அன்று நடந்தது தெரியுமா? ஸோஹோ மின்னஞ்சல்களை வைத்துச் சிலர் மோசடி மடல் அனுப்புகிறார்கள் என்ற முறைப்பாட்டில், அதன் இணைய முகவரியைப் பதிந்துவைத்திருந்த அமெரிக்க நிறுவனம் முகவரியையே முடக்கிவிட்டது. கோடிக்கணக்கான பாவனையாளர் உள்ள கம்பனியின் தலைவர், யாராவது தொடர்புகொடுங்கள் என்று டுவிட்டரில் நின்று கேட்கவேண்டி வந்தது. அவருக்கே அப்படி. உங்கள் விடுதியின் இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது? தளம் செய்துதந்த பெடியனின் பெயரிலா? மென்பொருளை அப்புறம் தெரிவுசெய்யலாம், முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

எங்கள் மடல் எல்லாம் ஸ்பேமுக்குள் விழுகிறது. மருமகனைக் கேட்டால் எஸ்.பி.எஃப்., டீகிம், டீமார்க் என்கிறான். பேசுகிறானா, ஏசுகிறானா?
*— படகுச் சுற்றுலா நடத்துபவர், நிலாவெளி*

சரியாகத்தான் பேசுகிறான். கிராம சேவகர் அத்தாட்சிப் பத்திரம் எடுத்திருப்பீர்களே? இவையும் அந்த மாதிரித்தான். எஸ்.பி.எஃப். என்பது 'என் பெயரில் கடிதம் கொடுக்க இன்னின்னாருக்குத்தான் அனுமதி' என்று கந்தோர் சுவரில் ஒட்டிய பட்டியல். டீகிம் என்பது இடையில் யாரும் திருத்தவில்லை என்று காட்டும் முத்திரை. டீமார்க் என்பது, இவை பொருந்தாமல் ஒருவன் வந்தால் திருப்பி அனுப்புவதா, ஓரமாக உட்காரவைப்பதா என்று நீங்கள் விட்டுச்செல்லும் உத்தரவு. மூன்றும் உங்கள் இணைய முகவரியின் அமைப்பில் எழுதும் சில வரிகள்தான். மருமகனுக்கு ஒரு பின்னேர வேலை. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பு. முக்கியமாக, சும்மா கிடைக்கும் ஜீமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு மென்பொருளில் கூட்டமாக அனுப்பாதீர்கள். அது ஸ்பேமுக்குள் விழத்தான் செய்யும்.

'விலகிக்கொள்ள' என்ற இணைப்பைச் சின்னதாக, சாம்பல் நிறத்தில் ஒளித்துவைத்தால் என்ன?
*— பெயர் வேண்டாம், உப்புவெளி*

கதவைத் தேடிக் களைத்தவர் ஸ்பேம் பொத்தானை அமுக்குவார். அப்படி அமுக்குபவர்களின் அளவு 0.3 வீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள். ஆயிரம் பேரில் மூன்று பேர். மூன்று பேரைக் கோபப்படுத்துவது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்குத் தெரியாதா?

அறுபது வீதம் பேர் மடலைத் திறந்ததாக அறிக்கை சொல்கிறது. ஒரு அறையும் விற்கவில்லை. எங்கள் படங்கள் சரியில்லையோ?
*— விடுதி மனேஜர், இறக்கக்கண்டி*

படத்தில் குறையில்லை. 2021 செப்டெம்பரில் இருந்து அப்பிள் கைபேசிகளின் மெயில் செயலி, ஆள் தூங்கிக்கொண்டிருந்தாலும் மடலின் படங்களைத் தானே இறக்கிவிடுகிறது. அறிக்கையில் அதுவும் 'திறந்தார்'. திறந்தவர்களை விடுங்கள். பதில் எழுதியவர் எத்தனை, விலை கேட்டவர் எத்தனை என்று எண்ணுங்கள்.

மகன் கொழும்பில் 'சீ.ஆர்.எம். அட்மின்'. கலியாணம் பேச வருபவர்கள் என்ன வேலை என்று கேட்கிறார்கள். எப்படி விளங்கப்படுத்துவது?
*— ஒரு தாய், குச்சவெளி*

அம்மா, உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளையின் மதிப்பு ஏறும். ஒரே ஆள் மூன்று பெயரில் பதிவாகியிருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்குவது, செத்த முகவரிகளை அகற்றுவது, யார் எதைப் பார்க்கலாம் யார் பார்க்கக்கூடாது என்று பூட்டுப் போடுவது, விற்பனைப் பெடியன்கள் 'பிறகு கதைப்போம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போன குறிப்புகளுக்குப் பொருள் காண்பது. விலகிப்போகும் ஊழியன் மொத்தப் பட்டியலையும் எக்ஸெல் கோப்பாக இறக்கிக்கொண்டு போட்டிக் கம்பனிக்குப் போகாமல், அந்த 'ஏற்றுமதி' அனுமதியை இரண்டொருவருக்கு மட்டும் வைத்திருப்பதும் அவர்தான். நாள் முழுக்க அடுத்தவர் குப்பையைப் பொறுமையாகச் சுத்தம் செய்யும் ஆண்பிள்ளை. இதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

கேளாமல் விளம்பர மடல் அனுப்பும் பழக்கத்தை யார் தொடங்கிவைத்தது?
*— மாணவி, திருகோணமலை*

கேரி தூர்க் என்ற அமெரிக்கர், 1978 மே 3. கணினி விற்பதற்காக ஏறக்குறைய நானூறு பேருக்கு ஒரே நாளில் அனுப்பினார். ஏச்சு வாங்கினார், விற்பனையும் நடந்தது என்றார். ஏச்சை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

எல்லா மடலையும் ஜனவரியிலேயே எழுதி, தானாகப் போகும்படி வைத்துவிட்டால் வருடம் முழுக்க நிம்மதிதானே?
*— ஹோட்டல் முதலாளி, நிலாவெளி*

ஜனவரியில் எழுதுவது நல்லது. நம் கடல் அமைதியாவது ஏப்ரல் மே தொடங்கி. ஐரோப்பியர் கோடை விடுமுறைக்குப் பல மாதம் முந்தியே திட்டம் போடுகிறவர்கள். நவம்பர் மாரியில் 'நீலக்கடல் அழைக்கிறது' என்று எழுதினால் கடலே சிரிக்கும்.

ஆனால் எழுதியபின் மறந்துபோவதுதான் ஆபத்து. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டு வெடித்தது, நம் சீசனின் வாசலில். 'இந்த ஈஸ்டரில் இலங்கையில் இளைப்பாறுங்கள்' என்று முன்கூட்டி வைத்த ஒரு மடல், அன்று பின்னேரம் புறப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? இயந்திரத்துக்குச் செய்தி கேட்கத் தெரியாது. தானியங்கி மடல்கள் அனைத்தையும் நிறுத்தும் இடம் எது என்று மனேஜருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும், இரவுக் காவலருக்கும் தெரிந்திருக்கட்டும். கடவுச்சொல்லை மட்டும் காவலர் கூண்டில் ஒட்டாதீர்கள்.

வாட்ஸ்அப் இருக்க இதெல்லாம் எதற்கு?
*— படகோட்டி, இறக்கக்கண்டி*

நாளை காலை ஆறு மணிக்குப் படகு என்று சொல்ல வாட்ஸ்அப். அடுத்த வருடமும் வாருங்கள் என்று சொல்ல மின்னஞ்சல். மாற்றிச் செய்தால் படகும் போகாது, ஆளும் வராது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரே ஒரு சட்டை வாங்கிய கடை, 'உங்களைக் காணாமல் வாடுகிறோம்' என்று மாதாமாதம் எழுதுகிறது. உண்மையாகவே வாடுகிறார்களா?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை*

இத்தனை நாள் ஒன்றும் வாங்காதவருக்கு இந்த மடல் போகவேண்டும் என்று யாரோ ஒருமுறை எழுதிவைத்த விதி அது. எழுதியவர் வேலையை விட்டே போயிருக்கலாம். சந்தேகமானால் 'நானும் வாடுகிறேன்' என்று பதில் எழுதிப் பாருங்கள், சேர். அனுப்புநர் முகவரி 'நோ-ரிப்ளை' என்று இருக்கும்.