தலைகாட்டுதல்: மதுரை வட்டார வளர்ப்புப் பிராணிகளின் தொழில் நெறி, உறவு நெறி குறித்த ஓர் ஆய்வு

முகவுரை

மதுரையில் ஒருவர் மீது சுமத்தக்கூடிய பெரிய குற்றம் கடனைத் திருப்பித் தராதது அல்ல. "இவ்வளவு பெரிய விசேஷம் வச்சிருக்கோம், ஒரு எட்டு வந்து தலையக் காட்டிட்டுப் போகலையே" என்பதுதான். கடனுக்குத் தவணை கேட்கலாம். இதற்குத் தவணை இல்லை. பேரன் பேத்தி காலம்வரை வட்டி ஏறும். இந்தப் பக்கத்துக் காதணி விழாக்களில் மொய்யைப் பெயரோடும் தொகையோடும் மைக்கில் வாசிக்கிறார்கள். தொகை குறைந்திருந்தால் பழைய நோட்டைப் புரட்டிப் பேசி முடித்துக்கொள்ளலாம். ஆள் வராமல் பணத்தை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பினால், கணக்கு நேராகும்; பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

இந்தத் தலைகாட்டும் கலை மனிதர்களிடம் தேய்ந்துகொண்டே வருகிறது. வளர்ப்புப் பிராணிகளிடம் அது பழைய தரத்திலேயே இருக்கிறது. தொழிலானாலும் சொந்தமானாலும் உறவைத் தாங்குவது பேச்சும் பரிசும் அல்ல, வரவேண்டிய நேரத்தில் வந்து நிற்பதுதான் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

வரையறை

வளர்ப்புப் பிராணி: தன்னை ஒருவர் வளர்ப்பதாக அவர் நம்பிக்கொண்டிருக்க, அதை மறுத்துப் பேசாத உயிர்.

தலைகாட்டுதல்: எதையும் விற்காமல், எதையும் கேட்காமல், கண்ணில் படும்படியும் காலில் படாதபடியும் ஓரிடத்தில் இருத்தல். கடைசி நிபந்தனை முக்கியமானது. காலில் படும்படி இருப்பதற்கு வேறு பெயர்கள் உண்டு.

முன்னோர் ஆய்வுகள்

1936 இல் அமெரிக்கர் டேல் கார்னகி, நண்பர்களைப் பெறும் வழி பற்றி எழுதிய நூலில் நாயையே ஆசானாகக் காட்டினார். அவர் கண்ட நாய் எதிர்ப்படும் எவரிடமும் வாலாட்டும். மதுரைத் தெருநாய் இப்படிச் செலவாளி அல்ல. ஆளைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து, அவர் கையிலிருக்கும் பொட்டலத்தையும் பார்த்த பிறகே வாலுக்கு உத்தரவு தரும். ஆகவே கார்னகியின் முடிவுகளை வைகைக்கு இப்பால் அப்படியே பொருத்த இயலாது.

இத்துறையில் மதுரையின் சொந்த மூலநூல் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். அதன் 64 படலங்களில் நாரைக்கு முக்தி உண்டு, கரிக்குருவிக்கு உபதேசம் உண்டு. பன்றிக் குட்டிகள் மந்திரிகளான படலமும் உண்டு. அதன் நிர்வாக விளைவுகளைத் தனி ஆய்வுக்கு விட்டுவிடுகிறோம். வணிகவியல் மாணவருக்கு உரியது நரிகள் பரிகளான படலம். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டுவிட்டார். இறைவனே குதிரை வணிகராக வந்து சரக்கை ஒப்படைத்தார். பகலில் நடை, நிறம், கனைப்பு எல்லாம் சோதித்து மன்னன் திருப்தி அடைந்தான். இரவில் அவை நரிகளாகி, லாயத்தில் முன்பே இருந்த குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. ஆண்டவன் திருவிளையாடலில் குறை காண்பது நம் வேலை அல்ல. ஆனால் கொள்முதல் துறைக்கு ஒரு பாடம் மிஞ்சுகிறது: முதல் நாள் வந்து நிற்பதை வைத்து எதையும் எடை போடாதே, இரண்டாம் நாள் காலையிலும் நிற்கிறதா பார்.

ஆய்வு முறை

டீக்கடை வாசல், இரவுப் பரோட்டாக்கடை ஓரம், கீழமாசி வீதி மளிகைக் கிட்டங்கி, அலங்காநல்லூர்ப் பக்கத்து மாட்டுத் தொழுவம் ஆகிய இடங்களில் தகவல் திரட்டப்பட்டது. கேள்விப் படிவம் பயன்படுத்தவில்லை, ஒன்றைத் தகவலாளர்களே தின்றுவிட்டார்கள். மீனாட்சியம்மன் கையில் இருப்பது கிளி, கோயிலுக்குள் கிளிக்கூட்டு மண்டபமே இருக்கிறது என்பதால் கிளியைச் சேர்க்கவேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவிர, கதவைத் திறந்தால்தான் வெளியே வரும், சோதிடச் சீட்டை எடுத்ததும் உள்ளே போய்விடும் ஓர் உயிரின் வருகையைத் தலைகாட்டுதல் என்று ஏற்க முடியாது. அது பணி.

கண்டறிந்தவை

அ. டீக்கடை நாய்

"இது யாரு நாய்ண்ணே?"

"யாரு நாயும் இல்ல தம்பி. நம்ம கடை நாய்தான்."

சொத்துரிமைச் சட்டம் படித்தவர் இந்தப் பதிலில் முரண் காண்பார். மதுரைக்காரர் காணமாட்டார். யாருடையதும் இல்லாத ஒன்று நம்முடையதாக ஆவது எப்படி என்பதே வாடிக்கையாளரைப் பிடிக்கும் கலையின் மொத்தமும். அந்த நாய் விண்ணப்பம் போடவில்லை. பால் கேன் இறங்கும் விடியற்காலையில் தினமும் வந்தது. முதலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பிறகு இந்தப் பக்கம், பிறகு பெஞ்சுக்கு அடியில். ஒருநாள் காணோம் என்றதும், "எங்கப்பா ஆளக் காணோம்?" என்று மாஸ்டர் கேட்டார். அந்தக் கேள்வி பிறந்த நிமிடத்தில் உறவு பதிவாகிவிட்டது. விற்பனைப் பிரதிநிதிகள் மாதக்கணக்கில் ஏறி இறங்கினாலும், வராத நாளில் அவர்களை யாரும் தேடுவதில்லை. வந்த நாளெல்லாம் எதையோ நீட்டினார்கள் என்பதே காரணம்.

கடைச் சுவரில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று எழுதியிருக்கிறது. அதற்கு நேர் கீழே படுத்து, காசு கொடுக்காமல் பன் சாப்பிடும் ஒரே வாடிக்கையாளர் இவர்தான். அன்பு முறிந்ததாகத் தகவல் இல்லை. பரோட்டாக்கடையில் இதன் இரவுப் பணிக் கிளை இயங்குகிறது. தூங்கா நகரத்தில் கல்லில் கொத்துச் சத்தம் கேட்கும்வரை அங்குள்ள நாய்கள் காத்திருக்கின்றன. எலும்பை மேசையிலிருந்து எடுப்பதில்லை. கீழே விழுந்தால் மட்டுமே எடுக்கின்றன. பேச்சுவார்த்தை மேசையில் எலும்பு இருக்கும்போதே கை நீட்டுகிற கூட்டாளிகள் இதைக் கவனிக்கவேண்டும்.

ராஜபாளையம் நாயைத் தனியே குறிப்பிடவேண்டும். 2005 இல் தபால்தலையிலேயே இடம்பிடித்த இந்த வெள்ளை நாய், தன் வீட்டாரிடம் பசையாகவும் அந்நியரிடம் விறைப்பாகவும் இருக்கும். காவலுக்கு உத்தமம். கல்லாவுக்கு அருகில் கட்டினால் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். சில கடைகளில் முதலாளியே இப்பணியைச் செய்துவருகிறார்.

ஆ. கிட்டங்கிப் பூனை

நம் கோட்பாட்டை முதலில் சோதித்தது பூனை. அது கூப்பிட்டால் வராது, கூப்பிடாமல் வந்தால் மதிக்காது. ஆனாலும் மளிகை மொத்த வியாபாரிகள் அதைக் கூட்டாளியாக வைத்திருக்கிறார்கள். பருப்பு மூட்டை அடுக்கில் இரவில் ஒருமுறை நடந்துபோனாலே எலிகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. பூனை முதலாளிக்குத் தலைகாட்டுவதில்லை, வேலைக்குத் தலைகாட்டுகிறது. அன்றாடம் அறிக்கை கேட்காமல் மூட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்களுக்கே பூனை நிலைக்கும். குடும்பத்திலும் இந்த இனம் உண்டு. விசேஷ வீட்டில் முன்வரிசையில் உட்காராமல், பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கும் சித்தப்பாவை நாற்காலியில் தேடிவிட்டு "வரவே இல்லை" என்று எழுதிவிடக்கூடாது.

இ. வாடிவாசல் காளை

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று தை முதல் மூன்று நாளும் ஜல்லிக்கட்டில் உலகம் பார்ப்பது காளையின் சில நொடிகளை. வளர்ப்பவர் பார்ப்பது மிச்ச வருடத்தை. நடைப்பயிற்சி, நீச்சல், மண்குத்தல், வேளாவேளைக்குப் பருத்திக்கொட்டை எல்லாம் அந்த மிச்ச வருடத்தில்தான் நடக்கின்றன. வாடியில் எவரையும் நெருங்கவிடாத காளையை வீட்டில் அப்பத்தா காதைப் பிடித்து அதட்டுவார். அலுவலகக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவராத பண்பில் அதற்கு நிகரான மேலாளர் அரிது.

2014 மே 7 இல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2015, 2016 பொங்கல்களில் வாடிவாசல் திறக்கவில்லை. 2017 ஜனவரிப் போராட்டத்துக்கும் சட்டத் திருத்தத்துக்கும் பிறகு, பிப்ரவரி 10 இல் அலங்காநல்லூரில் மீண்டும் காளைகள் பாய்ந்தன. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வழக்குரைஞர்களுக்கு இது சட்ட வரலாறு. நமக்கு இது உறவு வரலாறு. இடைப்பட்ட காலத்தில் காளைக்குப் போட்டியும் இல்லை, பரிசு அண்டாவும் இல்லை, கட்டிலும் இல்லை, பீரோவும் இல்லை. தீனிச்செலவு மட்டும் இருந்தது. கட்டுப்படியாகாமல் விற்றவர்கள் உண்டு. விற்காதவர்கள் தினமும் விடிந்ததும் தொழுவத்தில் போய் நின்றார்கள். ஆர்டர் நின்றுபோன வாடிக்கையாளரை, பதவி போன மாமனை, தேர்வில் தோற்ற மருமகனை நாம் எத்தனை நாள் போய்ப் பார்க்கிறோம் என்று இங்கே ஒரு துணைக்கேள்வி எழுகிறது.

காளை இன்னொன்றும் கற்பிக்கிறது. வாடிவாசலைத் தாண்டி ஓடிய மாடு போய்ச் சேரும் இடத்தில், கயிற்றோடு உரிமையாளர் நிற்கவேண்டும். பேரைச் சொல்லி அழைக்கும் பழகிய குரல் இருந்தால் பிடிபடும். இல்லாவிட்டால் அது தன் வழியில் போகும். ஊர் ஊராய்த் தேடவேண்டியதுதான். ஆக, தலைகாட்டுதல் ஒருதலைக் கடமை அல்ல.

மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு ஒன்று: "பிராணி வருவது சோற்றுக்காக, இதில் உறவு எங்கே இருக்கிறது?" டோக்கியோவின் ஷிபுயா நிலையத்து நாய் ஹச்சிகோவை எடுத்துக்கொள்வோம். அதன் எஜமானர் பேராசிரியர் உயெனோ 1925 மே மாதம் இறந்தார். அதற்குப் பின்னும் 1935 மார்ச்சில் தான் சாகும்வரை அது நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1934 இல் சிலை வைத்தார்கள். தன் சிலைத் திறப்பு விழாவுக்கும் அது தவறாமல் தலைகாட்டியது. இறந்தபின் அதன் வயிற்றில் கோழிக்கறி கோத்த குச்சிகள் இருந்தன. உடனே சிலர், அது கறிக்காகத்தான் வந்தது என்றார்கள். மதுரைப் பந்தி மரபு இந்த வாதத்தை ஏற்காது. கல்யாணத்துக்கு வந்தவர் சாப்பிட்டார் என்பதற்காக அவர் கல்யாணத்துக்கு வரவில்லை என்று ஆகிவிடுமா? சாப்பிடாமல் போனால்தான் இங்கே சண்டை.

மறுப்பு இரண்டு: "நாய் கடிக்கும்." கடிக்கும். வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆகவே கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போகவேண்டும். 2025 ஆகஸ்ட் 22 இல் உச்சநீதிமன்றம், தெருநாய்க்கு உணவிடத் தனி இடங்கள் ஒதுக்கச் சொன்னது. இதையும் உறவு நெறியாகவே கொள்ளலாம். அந்த இடத்தில் பன் போடுகிறவர், கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் அந்த நாயைப் பிடித்துக்கொடுக்க வரவேண்டும். பன்னுக்கு வந்து, ஊசிக்கு வராதவர் அரைத்தலை காட்டியவராகவே கணிக்கப்படுவார்.

பரிந்துரைகள்

ஒன்று: வியாபாரிகள் பற்று வரவு ஏட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்க்கவும். தலைப்பு: 'சும்மா வந்த தேதி.' இந்தப் பத்தி காலியாக உள்ளவரிடம் பெரிய தொகை சிக்கவிடவேண்டாம்.

இரண்டு: வாடிக்கையாளரிடம் மூன்று முறை போனால், ஒருமுறையாவது பையைத் திறக்காமல் டீ குடித்துவிட்டுத் திரும்பவும்.

மூன்று: நல்ல காரியத்துக்குப் போகமுடியாவிட்டாலும், துக்க வீட்டுக்கும் நொடித்த வீட்டுக்கும் போகவும். அங்கே கூட்டம் குறைவு. தலை நன்றாகத் தெரியும்.

நான்கு: எந்தப் பிராணியிடமும் இதுவரை கைப்பேசி இல்லை. இருந்திருந்தால் டீக்கடை நாயும் பெஞ்சடிக்கு வராமல் விடியற்காலையில் பூப்போட்ட வணக்கப் படம் ஒன்றை அனுப்பியிருக்கும். பன்னும் படமாகவே போயிருக்கும். எனவே வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவது எக்காரணம் கொண்டும் தலைகாட்டியதாகக் கருதப்படமாட்டாது.