ஊருக்கு மஞ்சள் பூசுவது எப்படி?

நகர்மன்றத் தலைவராகப் பொறுப்பேற்று, போட்ட மாலை வாடுவதற்குள் உங்கள் மேசைக்கு ஒரு கோப்பு வந்திருக்கும். மேலே 'முழுமைத் திட்டம் தயாரித்தல் – தொடர்பாக' என்று எழுதியிருக்கும். பயந்துவிடாதீர்கள். ஊரில் எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் கடை வரலாம், எதில் நெல்லைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று சொல்கிற வரைபடமும் கூடவே ஒரு தடித்த புத்தகமும், அவ்வளவுதான். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இதைச் செய்யச் சொல்கிறது. உங்கள் நகராட்சியே திட்டக் குழுமமாக இருந்தால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். சுற்றியுள்ள பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்த கூட்டுக் குழுமமாக இருந்தால் இன்னும் நல்லது, பழி போட ஆள் கிடைத்துவிட்டது.

முதல் யோசனை: அவசரப்படாதீர்கள். பெரிய ஊர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்துக்கு 1995இல் ஒரு வரைவு தயாரானது. 2011ஆம் ஆண்டு வரை ஊர் எப்படி வளர வேண்டும் என்று அது சொன்னது. திருத்தி, மாற்றி, வழக்குகளையெல்லாம் தாண்டி ஒப்புதல் வந்தபோது 2008 ஆகியிருந்தது. ஆகவே இலக்கு ஆண்டை 2026 என்று மாற்றிக்கொண்டார்கள். கோயம்புத்தூருக்கு 1994இல் வந்த திட்டம். அடுத்த வரைவு மக்கள் கண்ணில் பட்டது 2024இல். பத்து வயதுப் பையனுக்குத் தைத்த கால்சட்டையை அவன் மகளைப் பெண் பார்க்க வருகிற வரைக்கும் போட்டுக்கொண்டிருந்ததுபோல. தாமதத்தில் ஒரு வசதி உண்டு. நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் ஊரே வீட்டைக் கட்டி முடித்திருக்கும். கட்டி, பால் காய்ச்சி, வாடகைக்கும் விட்ட இடத்தில் 'குடியிருப்புப் பகுதி' என்று எழுதுவதைவிடச் சுலபமான திட்டமிடல் உலகத்தில் உண்டா?

அடுத்தது ஆலோசகர். நகராட்சியில் வரைபடம் போடத் தெரிந்தவர் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருக்கும், ஆகவே டெண்டர் விட்டுத் தனியார் நிறுவனத்தைப் பிடிப்பீர்கள். அவர்கள் ட்ரோன் பறக்கவிடுவார்கள். செயற்கைக்கோள் படம் வாங்குவார்கள். அறிக்கை கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஊர்ப்பெயரைச் சரிபாருங்கள். கடலே எட்டிப் பார்க்காத உங்கள் ஊருக்கு 'மீன்பிடித் துறைமுக மேம்பாடு' என்று ஓர் அத்தியாயம் இருந்தால், அது அவர்கள் போன மாதம் முடித்துக்கொடுத்த ஊருடையது.

மக்கள்தொகை அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். நாடு கடைசியாகத் தலை எண்ணியது 2011இல். அந்த எண்ணை வைத்து 2041இல் எத்தனை வீடு வேண்டும் என்று கணக்குப் போட மூன்று சூத்திரங்கள் கொடுத்திருப்பார்கள். மூன்றும் மூன்று விடை தரும். நடுவிலிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் மனக்கசப்பு வராது.

இனி வண்ணம். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, பள்ளி, அலுவலகம் போன்றவற்றுக்குச் சிவப்பு, விவசாயத்துக்கு இளம்பச்சை, வணிகத்துக்கு நீலம். ஏரி குளத்துக்கும் நீலம்தான், கொஞ்சம் வெளிர். உங்கள் அலுவலக அச்சு இயந்திரத்தில் மை குறைவாக இருக்கும் நாளில் இரண்டு நீலமும் ஒன்றாகத் தெரியும். அதில் கடையைக் கண்டவர்கள் உண்டு, தண்ணீரைக் கண்டவர் குறைவு.

இந்த நீலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கும். அதைப் புரட்டினால் வாய்க்கால் புறம்போக்கு, ஓடை புறம்போக்கு, குளம், ஊருணி, தாங்கல் என்று வரிசையாக சர்வே எண்களோடு வரும். தரையில் போய்த் தேடினால் அந்த எண்களில் முட்டுச்சந்தும் கல்யாண மண்டபமும் கிடைக்கும். மனம் தளர வேண்டாம், இது பழைய மரபு. 1920இல் சென்னை மாகாணத்துக்கென நகரத் திட்டச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்தாண்டிலேயே மாம்பலம் பக்கம் நீளமாகக் கிடந்த பெரிய ஏரியை வடித்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். இன்று அங்கே தண்ணீரை நினைவூட்டுவது மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு என்கிற பெயர்ப் பலகைதான். வியூ போய்விட்டது, ரோடு இருக்கிறது. பிற்காலத்தில் வீட்டுவசதி வாரியம் கொஞ்சமும் மறைக்கவில்லை. முகப்பேர் ஏரித் திட்டம், நொளம்பூர் ஏரித் திட்டம், அம்பத்தூர் ஏரித் திட்டம் என்றே மனைகளுக்குப் பெயர் வைத்து விற்றது. இந்த நேர்மையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையோ ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று வெகுகாலம் நினைத்து, ஒரு மூலையில் நகரத்தின் குப்பையைக் கொட்டி, மிச்சத்தில் கட்டடம் கட்டி, எஞ்சியதை 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்துக் கொண்டாடினோம். நீங்களும் உங்கள் குளத்தைக் கொண்டாடலாம். கொண்டாடும் அளவுக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

யாராவது உங்களிடம் வந்து, 'முதலில் தண்ணீர் ஓடும் பாதையை வரையுங்கள், மிஞ்சிய இடத்தில் வீட்டைப் பற்றி யோசிப்போம்' என்பார்கள். பெரும்பாலும் ஒரு வயதான விவசாயி, இல்லையென்றால் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைக்காரர். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் சொல்வது சரி என்பதுதான் சிக்கல்.

ஏனென்றால் அவருக்கு முன்பே புறவழிச்சாலைப் பக்கம் வேறொருவர் திட்டம் போட்டுவிட்டார். வண்ணக் கொடிகள் நட்டு, கல் ஊன்றி, சனி ஞாயிறுகளில் வேன் வைத்து ஆள் கூட்டி வந்து, பிரியாணிப் பொட்டலமும் கொடுத்து மனை விற்கிறாரே, அவர்தான் ஊரின் உண்மையான திட்டக் குழுமம். அவர் வரைபடத்தில் எப்போதும் 'பேருந்து நிலையத்துக்குப் பத்தே நிமிடம்'. உங்கள் வரைபடம் இளம்பச்சையாகக் காட்டும் இடத்துக்கு அவர் ஏற்கெனவே மூன்று 'நகர்' பெயர் வைத்திருப்பார். நில உபயோக மாற்றம் கேட்டு மனு வரும். ஒன்றுக்குக் கொடுத்தால் பக்கத்துச் சர்வே எண்ணுக்கும் கொடுக்க வேண்டும். இப்படி எண் எண்ணாக மஞ்சள் பரவும், கல்யாண வீட்டில் சேலையில் பட்ட கறைபோல.

அவர் அனுமதி வாங்கித்தான் மனை போடுகிறார் என்றால் பூங்கா கேளுங்கள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பத்து சதவீதம் பொதுத் திறந்தவெளியாக எழுதித்தர வேண்டும். தருவார். மனைப்பிரிவிலேயே பள்ளமான, கோணலான, மின்கம்பி மேலே போகிற மூலை அது. நீங்கள் வேலி போடாமல் இரண்டு வருடம் விட்டால், ஓர் அதிகாலையில் அங்கே பிள்ளையார் எழுந்தருளியிருப்பார். அப்புறம் மேடை, கூரை, உண்டியல். இன்னொரு பக்கம் ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி. பூங்காவுக்கு மிஞ்சுவது பலகை வைக்கும் இடம்.

சாலைகளும் வரைய வேண்டும். அறுபதடிச் சாலை என்று வயலுக்குக் குறுக்கே இரண்டு கோடு இழுப்பது சுகமான வேலை. ஆனால் பகுதி பகுதியாகப் போடும் விரிவான வளர்ச்சித் திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த ஆரம்பிக்காவிட்டால், சட்டத்தின் 38ஆம் பிரிவு அதை விடுவித்துவிடும். நகராட்சியிடம் காசு எப்போது இருந்தது? கோடு காகிதத்தில் இருக்கும், நிலம் உரியவர் கையில் இருக்கும். அதற்குள் பாதியை வாங்கியவர் உங்கள் வார்டு உறுப்பினரின் மைத்துனராகவும் இருக்கக்கூடும்.

ஏழைகளுக்கு வீடு என்று ஓர் அத்தியாயம் கட்டாயம் வேண்டும். அதற்கு நிலம் தேடும்போது ஒரு விதியைப் பின்பற்றுங்கள்: பேருந்து கடைசியாகத் திரும்பும் இடத்தைத் தாண்டிப் பாருங்கள். சென்னையில் கூவம், அடையாறு ஓரம் குடிசை போட்டிருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண் பழைய தெருவுக்குப் போய்த் திரும்பவே அரைநாள் ஆயிற்று. ஆற்றோரம் வெள்ளம் வரும் என்று சொல்லி அகற்றினார்கள் அல்லவா, 2015 டிசம்பரில் செம்மஞ்சேரியிலும் வெள்ளம் வந்தது. குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பேருந்து நேரம் மாறியதா என்று அங்கே குடியிருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வரைவு முடிந்ததும் மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். சட்டம் இரண்டு மாதமாவது அவகாசம் தரச் சொல்கிறது. நாளிதழில் மூன்றாம் பக்கத்தில், நீத்தார் நினைவு விளம்பரங்களுக்கு நடுவே வெளியிடுங்கள். வரைபடத்தை அலுவலக மாடிப்படிக்குப் பின்னால், விளக்கு எரியாத சுவரில் ஒட்டுங்கள். அப்படியும் நான்கு பேர் வருவார்கள். மூன்று பேர் தங்கள் வயலை மஞ்சளாக்கக் கேட்பார்கள். நான்காமவர் அதே வயதான விவசாயி. மறுபடியும் காபி.

தவறு நடந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். அனுமதியின்றிக் கட்டியதை வரன்முறைப்படுத்த 1999இல் ஒருமுறை வழி செய்தார்கள். அந்த ஒருமுறையைப் பிறகு மீண்டும் மீண்டும் நீட்டித்தார்கள். 2016இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. மறு வருடமே கட்டணம் கட்டி அங்கீகாரம் பெற ஒரு திட்டம் வந்தது. பாவமன்னிப்புக்குக் கவுன்டர் திறந்திருக்கும்வரை பாவத்துக்கு என்ன குறை?

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தால், மஞ்சள் பூசிய தெருக்களில் விரால் துள்ளும். தீயணைப்புத் துறை ரப்பர் படகோடு வந்து, ஆட்களை எங்கே இறக்குவது என்று உங்களைக் கேட்கும். வரைபடத்தை விரித்து, பூங்கா என்று போட்டிருக்கும் மூலையைக் காட்டுங்கள். பள்ளம்தான், ஆனால் பிள்ளையார் மேடை உயரமாக இருக்கும்.